இடைநிற்றல் ஜிம்மிலும் உண்டு



இது கொஞ்சம் நீளமான பதிவு. "டீச்சர் பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்று நினைப்பவர்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள். பரீட்சை கிடையாது.

என்னிடம் படித்தவர்களில் மூன்று பேர் இப்போது உடற்பயிற்சித் தொழிலில் இருக்கிறார்கள். ஒருவன் அண்ணா நகர்ப் பக்கம் சொந்தமாக ஜிம் வைத்திருக்கிறான். இன்னொருவன் ஒரு ஜிம்மில் மாஸ்டர். ஒரு பெண் பிள்ளை காலையில் பெண்களுக்கு மட்டும் வகுப்பு நடத்துகிறாள். மூன்று பேரும் எங்கே என்னைப் பார்த்தாலும் சொல்கிற குறை ஒன்றேதான். "டீச்சர், ஜனவரியில நிக்க இடமிருக்காது. மார்ச்சுல ஃபேன் மட்டும்தான் சுத்துது. இவங்களை எப்படித்தான் விடாம வரவைக்கிறது?"

சுவரில் பொன்மொழி எழுதி ஒட்டிப் பார்த்துவிட்டார்கள். காலை 5 மணிக்கே வாட்ஸ்அப்பில் "எழுந்திரு, விழித்திரு" என்று அனுப்பிப் பார்த்துவிட்டார்கள். பொன்மொழியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வது எத்தனை சுகம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நான் என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் ஒரு நாளும் தவறாமல் வர வேண்டும் என்பதற்காகப் படுகிற பாட்டில் பாதியை எடுத்து, தவறிப் போனவர் திரும்பி வருகிறாரே, அந்த முதல் நாளில் செலவிடுங்கள். நாம் ஆட்களை இழப்பது அவர்கள் வராத நாளில் அல்ல, திரும்பி வந்த நாளில்.

எனக்கு ஜிம் தெரியாது. ஆனால் வராமல் போவதைப் பற்றித் தெரியும். ஆசிரியர் பயிற்சி முடித்து இடைநிலை ஆசிரியராக 34 வருஷம் ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். அலங்காநல்லூர்ப் பக்கம் சில வருஷம், மேலூர்ப் பக்கம் பல வருஷம். எங்கள் அலுவலகப் பேச்சில் அதற்கு 'இடைநிற்றல்' என்று பெயர். கூட்டம் போடுவார்கள், படிவம் நிரப்பச் சொல்வார்கள். படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கும். வறுமை, வேலைக்குப் போதல், இடம்பெயர்தல் என்று எழுதுவோம். பொய்யில்லை, ஆனால் முழுசும் இல்லை.

எந்தப் பிள்ளையும் "நாளையிலிருந்து பள்ளிக்கூடம் போகமாட்டேன்" என்று முடிவு செய்து நின்றதில்லை. முதலில் விடியுமுன் மல்லிகை மொட்டுப் பறிக்க அம்மாவோடு போகும். இரண்டு நாள் போச்சு. பிறகு மாமன் வீட்டில் கிடாவெட்டு. பிறகு காய்ச்சல். பதினைந்து நாள் ஆகிவிடும். அதுவரைக்கும் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான். பதினாறாம் நாள் காலையில் பையை மாட்டிக்கொண்டு வந்து வகுப்பு வாசலில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நிற்கும் பாருங்கள், அங்கேதான் எல்லாம் முடிவாகும்.

"வாங்க கலெக்டர், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று ஒரு வாத்தியார் கேட்பார். வகுப்பு சிரிக்கும். அவருக்கு அந்தப் பிள்ளை மேல் ஒரு வெறுப்பும் கிடையாது. சும்மா தமாஷ். மறுநாள் அந்த இடம் காலியாக இருக்கும், அதற்கடுத்த நாளும் காலிதான். படிவத்தில் 'வறுமை' என்று எழுதுவோம்.

எனக்கு வாய்த்த தலைமையாசிரியை கெட்டிக்காரர். அவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் நான் கடைசி வரை செய்தேன். வாசலில் நிற்கிற பிள்ளையிடம் ஒரு கேள்வியும் கேட்காதே. பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வேலை கொடு. "அந்தச் சாக்பீஸ் பெட்டியை எடுத்துட்டு வா", "இந்த நோட்டையெல்லாம் எல்லாருக்கும் கொடு". நோட்டுக் கொடுத்து முடிக்கிறபோது அந்தப் பிள்ளை வகுப்புக்குள் வந்துவிட்டிருக்கும். ஏன் வரவில்லை என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். விட்ட பாடத்தைப் பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும், அதையும் ஒரே நாளில் இல்லை.

இதை ஜிம்முக்கும் வாக்கிங்குக்கும் பொருத்திப் பாருங்கள்.

என் பெரிய அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். 52 வயதில் சுகர் என்று சொன்னார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார். வீட்டுப் பக்கத்து மைதானத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து எட்டு மாதம் நடந்தார்கள். சுகர் நன்றாக இறங்கியது. பிறகு மகள் கல்யாணம் வந்தது. மண்டபம் பார்க்க, பத்திரிகை வைக்க, மறுவீடு என்று இரண்டு மாதம் ஓடிப் போனது. எல்லாம் முடிந்து ஒரு திங்கட்கிழமை ஷூவை மாட்டிக்கொண்டு போனார். "வாங்க வாங்க, மருமகன் வந்ததும் எங்களையெல்லாம் மறந்தாச்சா?" என்று ஒருத்தர். "வயித்தப் பாத்தா ரெண்டு மாசம் மாதிரித் தெரியலையே, ஆறு மாசம் சொல்லுதே" என்று இன்னொருத்தர். அண்ணனும் சிரித்துவிட்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார். மறுநாள் முட்டி வலிக்கிறது என்றார். அதற்குப் பிறகு அந்த மைதானத்துப் பக்கமே போகவில்லை.

நாலு வருஷம் கழித்து இடது காலில் ஒரு சின்னப் புண். ஆறவில்லை. இரண்டு விரலை எடுத்தார்கள்.

கேலியால் விரல் போனது என்று நான் சொல்ல வரவில்லை. சுகருக்கு ஆயிரம் வழி இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அண்ணன் என்னிடம் சொன்னது இது: "நடக்கப் போகணும்னு தினமும் தோணும்மா. அவங்க மூஞ்சியில போய் நிக்கணுமேன்னு நினைச்சா விட்டுடுவேன்." அரசாங்க ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய மனுஷர். வகுப்பு வாசலில் நிற்கிற அந்தப் பிள்ளைக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை என்று காட்டவே அடுத்ததைச் சொல்கிறேன். என் மகள் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னாள். 2021 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வந்தது. கேட்டி மில்க்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியை தலைமையில் 30 ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து, ஒரு பெரிய ஜிம் நிறுவனத்தின் 61,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம் செய்தது. ஆட்களை ஜிம்முக்கு வரவைக்க 54 விதமான வழிகள், ஒவ்வொன்றும் நாலு வாரம். நினைவூட்டல், பரிசுப் புள்ளி, திட்டம் போட்டுக் கொடுப்பது என்று என்னென்னவோ. இதில் முதலிடம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? போவதாகத் திட்டமிட்டு ஒரு நாள் தவறவிட்டவர், அடுத்த முறை வந்தால் அவருக்குக் கூடுதலாக ஒரு சின்னப் பரிசு. அவர்கள் காசில் 9 சென்ட். நம் ஊரில் அதை வைத்து ஒரு டீ வாங்குவதே சிரமம்! எந்த வழி ஜெயிக்கும் என்று முன்கூட்டியே சிலரிடம் கேட்டிருக்கிறார்கள். யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

அந்தச் சின்னப் பரிசின் அர்த்தத்தை நான் எங்கள் சாக்பீஸ் பெட்டியை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். பெறுமானம் காசில் இல்லை. "நீ வராததை நாங்கள் கணக்கில் வைக்கவில்லை, வந்ததைத்தான் வைத்திருக்கிறோம்" என்று சொல்லுகிறது அது. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. நாலு வாரம் முடிந்து பரிசு நின்றதும், பெரும்பாலான வழிகளின் பலனும் நின்றுவிட்டது. 54-ல் 8 சதவீதத்தில்தான் அதற்குப் பிறகும் ஏதாவது மிச்சம் இருந்தது. பரிசை மட்டும் நம்பினால் பரிசு நிற்கிற அன்று ஆளும் நின்றுவிடுவார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் காரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வருஷச் சந்தா. ஜனவரியில் "ஆறு மாசக் காசுக்கு ஒரு வருஷம்" என்று போர்டு வைக்கிறார்கள். 2006-ல் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க ஜிம் கணக்குகளைப் பார்த்தார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு நாலு தடவைதான் போயிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரில் முடிந்திருக்கும். கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பே 'ஜிம்முக்குப் போகாமலிருக்கப் பணம் கட்டுவது' என்ற அர்த்தத்தில்தான்.

முன்பணம் கட்டினால் காசு போகிறதே என்று பயந்து வருவார்கள் என்பது எல்லோருடைய கணிப்பு. நடப்பது வேறு. மூன்று மாதம் வராதவருக்கு அந்த ரசீதைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சி. பீரோவில் அடியில் வைத்துவிடுவார். கடன் வாங்கியவர் கடைத் தெருவைச் சுற்றிப் போவதில்லையா, அந்த மாதிரி. என் மாணவர்களே, வராதவர்களின் பணத்தில் கரண்ட் பில் கட்டுகிற தொழில் நன்றாகவே ஓடும், எனக்கும் புரிகிறது. ஆனால் நீங்கள் என்னிடம் கேட்டது வேறு கேள்வி. ஆட்கள் வர வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தால் பத்து நாள் அட்டை ஒன்று போடுங்கள். எப்போது வேண்டுமானாலும் வந்து ஒரு கட்டத்தில் குத்திக்கொள்ளட்டும். விட்டுப் போனவர் மறுபடி உள்ளே வர ஒரு சின்னக் கதவு அது.

அடுத்து, நாளைக்குக் கிடைக்கப் போகும் பலனைச் சொல்லி ஆட்களை வரவைக்க முடியுமா என்பது. "இன்னைக்கு ஓடினா எழுபது வயசுல மாரடைப்பு வராது" என்று சொல்கிறீர்கள். உண்மைதான். "நல்லாப் படிச்சா பெரிய ஆளா வரலாம்" என்று நாங்களும் 34 வருஷம் சொன்னோம். பசியோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அது கேட்காது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டு வந்ததில் உபதேசத்தைவிட மத்தியானச் சோற்றுக்குப் பங்கு அதிகம். காமராஜர் காலத்தில் 1956-ல் விரிந்தது, எம்.ஜி.ஆர். காலத்தில் 1982-ல் சத்துணவாகப் பெருகியது. காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15-ல் நம்ம மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கி வைத்தார்கள். பிள்ளைக்கு இன்றைக்கு, இந்த வேளைக்கு ஒன்று கிடைக்க வேண்டும்.

உடற்பயிற்சியிலும் இன்றைக்குக் கிடைப்பது ஒன்று இருந்தாக வேண்டும். இன்று ராத்திரி நல்ல தூக்கம், காலையில் எழுந்தால் இடுப்பு பிடிக்காமல் இருப்பது, பேச்சுத் துணை, நடந்து முடித்ததும் எல்லோருமாக ஒரு டீ. (டீயோடு இரண்டு உளுந்த வடை சாப்பிடுவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த வடைக்காகவே நாலு பேர் தினமும் வருகிறார்கள் என்றால், வடையைத் திட்டுவதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள்.)

நம் ஊர் ஆட்களுக்கு விடாமுயற்சி இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்கு நடக்கிறார்களே, நூறு கிலோமீட்டருக்கு மேல், அவர்களில் எத்தனை பேர் மற்ற நாளில் தெருமுனைக் கடைக்கு வண்டி எடுத்துப் போகிறவர்கள்! அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளை வைத்திருக்கிறவர்களைப் பாருங்கள். காளைக்குத் தினமும் நடை, கண்மாயில் நீச்சல், மண் குத்த வைப்பது என்று மாதக்கணக்கில் பாடுபடுவார்கள். "நீ தினமும் நாலு கிலோமீட்டர் நட" என்றால் அந்த மனுஷன் நடக்க மாட்டான். காளைக்கு நடை வேண்டும் என்பதற்காக அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடந்துவிட்டு வருவான். அவனுக்காக ஒரு உயிர் காத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான் விஷயம். பாதயாத்திரையில் ஒரு தேதி இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, வழியெல்லாம் பந்தல் போட்டுத் தண்ணீரும் சோறும் கொடுக்கிற ஜனம் இருக்கிறது. கால் கொப்புளம் வந்து பாதியில் பஸ் ஏறியவரையும் அடுத்த வருஷம் "வாங்க சாமி" என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருஷம் பஸ் ஏறினீங்களே என்று யாரும் கேட்பதில்லை.

நம் பெரியவர்கள் எதையும் 'ஒரு மண்டலம்' என்பார்கள். மருந்தானாலும் விரதமானாலும் 48 நாள். இப்போது போனில் எங்கே பார்த்தாலும் '21 நாளில் பழக்கம்' என்று ஓடுகிறது. அந்த 21, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க முகச் சீரமைப்பு மருத்துவர் 1960-ல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்ததை எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் அவர் குழுவும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து பார்த்து வெளியிட்ட கணக்கில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற பழக்கமாவதற்குச் சராசரி 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். எனக்கு அதில் பிடித்தது வேறு இடம். நடுவே ஒரு நாள் விட்டுப் போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெட்டுப்போகவில்லையாம்.

இதைப் போனில் இருக்கிற ஆப் செய்தவர்களிடம் யாராவது சொன்னால் தேவலை. என் மகள் 43 நாள் தொடர்ந்து யோகா செய்து வைத்திருந்தாள். ஒரு நாள் காய்ச்சல். மறுநாள் காலையில் போன் பூஜ்யம் காட்டுகிறது. எந்த ஊர் நியாயம் இது? ஒரு நாள் வராத பிள்ளைக்கு அதுவரை வந்த 43 நாள் வருகையை நாங்கள் ரிஜிஸ்டரில் அழித்தோமா?

பெண்களுக்கு இந்தத் தொடர்ச்சிக் கணக்கு ஆகவே ஆகாது. வீட்டுக்கு விருந்தாள் வந்தால் நடை நிற்கும். பிள்ளைக்குப் பரீட்சை என்றால், மாமியாருக்கு முடியவில்லை என்றால், வேலைக்காரம்மா வராவிட்டால் நிற்கும். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே வீட்டுக்கு வரும், பத்து நாள் போச்சு. ஐப்பசி கார்த்திகையில் மழை. விடிவதற்கு முன் தெருநாய்க்குப் பயந்து வெளியே வர முடியாது, விடிந்தபின் சமையல். இப்படிப்பட்டவர்களிடம் போய் "மன உறுதி வேணும் மேடம்" என்று ஒரு இருபத்தைந்து வயதுப் பயிற்சியாளன் சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து மூன்று விதமான டிபன் பாக்ஸ் கட்டுகிறவளுக்கா மன உறுதி இல்லை? அவளுடைய கணக்கு 'தொடர்ந்து எத்தனை நாள்' என்று இருக்கக் கூடாது. 'இந்த வருஷம் எத்தனை தடவை திரும்ப ஆரம்பித்தாள்' என்று இருக்கட்டும். ஆறு தடவை விட்டு ஏழு தடவை ஆரம்பித்தவளை நான் முதல் மார்க் வாங்கினவள் என்பேன்.

10,000 அடி விஷயமும் இதே கதைதான். மதினி போனில் ராத்திரி பார்த்துவிட்டு "3,800 தான் வந்திருக்கு, போ" என்று அலுத்துக்கொள்வாள். அந்தப் பத்தாயிரம் 1965-ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயர். 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள். மருத்துவர் எழுதிக் கொடுத்த கணக்கில்லை. 2019-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களைப் பார்த்தார்கள். நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 அடி நடந்தவர்களிடையே அந்த ஆண்டுகளில் இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500-க்கு மேல் பெரிய வித்தியாசமில்லை. நடை மட்டும்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் மதினி அலுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று சொல்லலாம். சொன்னேன். மறுநாள் கூடவே ஒரு சுற்று நடந்தாள்.

தமிழ்நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சென்னை திருமங்கலத்தில் ஆசியாட் காலனி. டாக்டர் வி. மோகன் குழுவினர் 1990-களின் பிற்பகுதியில் அங்கே சர்க்கரை நோய்க் கணக்கெடுப்பு நடத்தினார்கள். முடிவுகளைச் சொல்லி, நடக்கச் சொல்லி, கூட்டம் போட்டுப் பேசினார்கள். அந்தக் காலனிக்காரர்கள் கேட்டுவிட்டுக் கைதட்டிக் கலையவில்லை. தாங்களே பணம் திரட்டி நடப்பதற்கு ஒரு பூங்கா அமைத்தார்கள். சில வருஷம் கழித்து மறுபடி கணக்கெடுத்தபோது, வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்கிறவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமாகியிருந்தார்கள். வீட்டு வாசலிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற இடம், தெரிந்த முகங்கள், யாரிடமும் கேட்கத் தேவையில்லாத நுழைவு. ஒரு மாதம் விட்டவர் மறுபடி நுழைய அங்கே ரசீதும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம்.

நம் மாநிலத்தில் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காட்டினார்கள். நல்ல காரியம். எட்டையும் நடந்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 800 மீட்டர் போய்த் திரும்பினாலும் நடைதான். 2014-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு ஒன்றில், தமிழ்நாடு உள்பட நாலு இடங்களில் பார்த்தபோது 54.4 சதவீதம் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று வந்தது. பாதிக்கு மேல் வகுப்புக்கு வெளியே நிற்கிறது என்று அர்த்தம். வகுப்புக்குள் இருப்பவர்களை மெச்சிக்கொண்டிருந்தால் போதாது.

"டீச்சர், கண்டிப்பு வேண்டாமா?" என்று என் ஜிம் மாணவன் கேட்டான். என்னிடம் அடி வாங்காமல் படித்தவன், அதனால் தைரியமாகக் கேட்கிறான். கண்டிப்பு வேண்டும். எடை தூக்கும்போது முதுகை வளைத்தால் கண்டிக்க வேண்டும். நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு செட் போடுகிறேன் என்றால் கையைப் பிடித்து நிறுத்தி டாக்டரிடம் அனுப்ப வேண்டும். வராததற்குக் கண்டிப்பு எதற்கு? வந்து நிற்கிறாரே, அவரிடமா அதைக் காட்டுவது?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், என் மூன்று பிள்ளைகளும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒருவர் வந்தால் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்க விடாதீர்கள். போனபோது 20 கிலோ தூக்கியவராக இருந்தால் பத்தில் வையுங்கள், அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுங்கள். அவர் இன்னும் செய்கிறேன் என்பார், விட்ட இரண்டு மாதத்தையும் அன்றைக்கே ஈடுகட்டப் பார்ப்பார். விடக் கூடாது. முதல் நாள் உடம்பை முறித்துப் போட்டால் மறுநாள் படியேற முடியாது, மூன்றாம் நாள் அவர் உங்கள் தெருவுக்கே வர மாட்டார். விட்ட பாடத்தை ஒரே ராத்திரியில் எழுதச் சொல்லிப் பிள்ளையை விரட்டிய கதைதான்.

எடை பார்க்கும் மெஷினில் அன்றைக்கு ஏற்றாதீர்கள். பத்து நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

"ஏன் வரலை?" வேண்டாம். "இவ்வளவு நாளா எங்க போனீங்க?" வேண்டாம். "அடையாளமே தெரியலையே" என்பது கட்டாயம் வேண்டாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சாக்பீஸ் பெட்டி மாதிரி ஒரு சின்ன வேலை கொடுங்கள். "அண்ணே, இந்தப் புதுப் பையனுக்கு அந்த மேட்டை எப்படி விரிக்கிறதுன்னு காட்டுங்க." "அக்கா, கொஞ்சம் எண்ணிச் சொல்றீங்களா?" அவர் மறுபடி அந்த இடத்துக்காரர் ஆகிவிடுவார்.

போன் பண்ணுவதாக இருந்தால் பணம் கட்டுகிற தேதிக்குப் பண்ணாதீர்கள். அந்த போனை அவர் எடுக்கவும் மாட்டார்.

சொந்தக்காரர்களுக்கும் ஒன்று. தெப்பக்குளத்தைச் சுற்றியோ வண்டியூர் கண்மாய்க் கரையிலோ, ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ நடக்கிறபோது, ரொம்ப நாள் கழித்து ஒரு முகத்தைப் பார்த்தால் வயிற்றைப் பார்க்காதீர்கள். "வாங்கண்ணே, இன்னைக்குக் காத்து நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் வேகத்துக்கு உங்கள் நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுதான், உங்கள் கணக்கில் ஒன்றும் குறைந்துவிடாது.

அண்ணன் இப்போது தனிச் செருப்புப் போட்டுக்கொண்டு, டாக்டர் அனுமதித்த அளவுக்கு, சாயங்காலம் மொட்டை மாடியில் நடக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து கையைக் காலை அசைக்கிற பயிற்சியும் உண்டு. மதினி சுற்று எண்ணுகிறாள், எண்ணிக்கையில் ஒன்றிரண்டு கூட்டிச் சொல்வதாகச் சந்தேகம். போன வாரம் பேரன் வந்திருந்ததால் ஐந்து நாள் நடக்கவில்லை. ஆறாம் நாள் மாடி ஏறியபோது மதினி எதுவும் கேட்கவில்லையாம், தண்ணீர்ச் செம்பை மட்டும் கையில் கொடுத்தாளாம். வீட்டுக்கு வருகிறவர்கள் காலைப் பற்றிக் கேட்காமல் பேரனைப் பற்றிக் கேளுங்கள்.

ஜிம் பிள்ளைகளே, உங்களுக்கு வீட்டுப்பாடம். இரண்டு மாதத்துக்கு மேல் வராதவர்களின் பெயர்களை இந்த வாரம் எடுங்கள். அதில் பத்துப் பேருக்கு நீங்களே போன் செய்து, பணப் பேச்சே எடுக்காமல், "ஒரு அரை மணி நேரம் வந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லுங்கள். பத்தில் எத்தனை பேர் வந்தார்கள், வந்தவர்களில் அடுத்த வாரமும் வந்தவர்கள் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். மூன்று பேர் கணக்கையும் சேர்த்து இங்கேயே போடுகிறேன்.